அண்ணனின் ஜீப்பில் கேட்ட சத்தம்

1

கெடா மாநிலத்தில், சுங்கை பட்டாணிக்குப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பட்டறை மேஸ்திரியாக இருக்கிறேன். சொந்த ஊர் நேமத்தான்பட்டி. நம் பக்கத்து ஆட்கள் படிக்கிற பத்திரிகை இது, அக்கரை வாழ்க்கையைப் பற்றி ஏதாவது எழுது என்று நண்பர் ஒருவர் வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இங்கே மழை பெய்கிறது, மரம் பால் தருகிறது, சம்பளம் வருகிறது, இதில் எழுத என்ன இருக்கிறது என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

போன வாரம் என் அண்ணன் முத்துக்கருப்பனுக்கு முதல் வருஷத் திதி. தோட்டத்து மாரியம்மன் கோவிலில் விளக்குப் போட்டுவிட்டு வந்து, வீட்டில் இலை போட்டுப் படைத்தோம். என் பையன் பள்ளிக்கூடச் சட்டையோடு வந்து எட்டிப் பார்த்து, "சூடா போலே மாக்கான்?" என்றான். சாப்பிடலாமா என்று மலாயில் கேட்கிறான். பெரியப்பாவுக்குப் படையல் போட்டிருக்கிறது, கும்பிட்டுவிட்டு உட்கார் என்றாள் என் மனைவி. எந்தப் பெரியப்பா என்று கேட்டான். செல்வி அக்காவின் அப்பா என்று சொன்ன பிறகுதான் அவனுக்கு விளங்கியது. அண்ணன் இந்த நாட்டை விட்டுப் போனபோது அவன் தவழ்கிற குழந்தை. அவனைக் குற்றம் சொல்ல முடியாது.

அன்றைக்கு வேலைக்குப் போனால், தோட்டத்து ஜீப்பைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். ரம்லி என்ற மலாய் டிரைவர், வண்டி வெட்டி வெட்டி இழுக்கிறது, கியர் மாற்றும்போதெல்லாம் அடியில் யாரோ சுத்தியலால் தட்டுகிற மாதிரி இருக்கிறது என்றார். ஏறி உட்கார்ந்து கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்தேன். கிளட்சை விட்டதும் 'டொக்'. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் இன்னொரு 'டொக்'. என்ன பழுது என்று அந்த முதல் சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. ஆனால் அதன் அடியில் போய்ப் படுக்க எனக்கு மனம் வரவில்லை. வேறு ஆளிடம் சொல்லிவிட்டு வெளியே போய் மரத்தடியில் நின்றேன். ரம்லி பின்னாலேயே வந்து, உடம்பு சரியில்லையா என்று கேட்டார். அண்ணன் இறந்த நாள் என்றேன். அவருக்கும் அண்ணனைத் தெரியும். என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

அதே சத்தத்தை நான்கு வருஷத்துக்கு முன்னால் காரைக்குடியில் கேட்டேன். அதைத்தான் எழுதப் போகிறேன்.

2

எங்கள் வீட்டில் முதலில் கப்பல் ஏறியவர் அண்ணன். கொத்தமங்கலத்துச் செட்டியார் வீடு ஒன்றுக்கு இந்தப் பக்கம் தோட்டம் இருந்தது. அவர்கள் சொல்லித்தான் அவருக்கு வேலை கிடைத்தது. இரண்டு வருஷம் கழித்து என்னை அழைத்துக்கொண்டார். அப்போதெல்லாம் வருவது சுலபம். பிறகுதான் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தின.

அண்ணன் பல வருஷம் ரப்பர் ஆலையின் இஞ்சின் கொட்டகையில் இருந்தார். பெரிய டீசல் இஞ்சின் ஒன்று பகல் முழுவதும் ஓடும். அதன் பக்கத்தில் நின்றால் நெஞ்சுக்கூடே அதிரும். அங்கிருந்து பட்டறைக்கு மாற்றினார்கள். நானும் அவரும் ஒரே பட்டறையில் வேலை செய்தோம். பேரிங்கில் சத்தம் வருகிறதா என்று பார்க்க நாங்கள் எல்லாரும் நீண்ட திருப்புளியின் ஒரு முனையை இஞ்சினில் வைத்து மறு முனையைக் காதில் வைப்போம். அண்ணன் மட்டும் அதைப் பல்லில் கடித்துக்கொள்வார். கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, இது இல்லை, அடுத்தது என்பார். அது அவருடைய பாணி என்று நினைத்தோம். சின்னப் பையன்கள் அவர் மாதிரியே கடித்துக் காட்டிச் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார்.

அதிகம் பேசாதவர். ஆனால் ரம்லி மாதிரி ஆட்களோடு நேருக்கு நேர் நின்று மலாயில் கேலி பேசுவார். அவருடைய மலாய் என்னுடையதைவிட நன்றாக இருக்கும்.

மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்து, குடியுரிமை, அடையாள அட்டை என்று பேச்சு வந்தது. குடிமகன் என்றால் நீல அட்டை, இல்லையென்றால் சிவப்பு அட்டை. நீல அட்டை வாங்க ஒரு அதிகாரி முன்னால் உட்கார்ந்து மலாயில் நாலு வார்த்தை பேச வேண்டும். பெயர் என்ன, எத்தனை பிள்ளைகள், எங்கே வேலை என்று சந்தையில் கேட்கிற மாதிரிதான் கேட்பார்கள். நான் முதலிலேயே போய் வாங்கிவிட்டேன். அண்ணன் போனபோது துணைக்கு நானும் போனேன். பாதிக் கதவு போட்ட அறை. நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

அதிகாரி கேட்டார்: "பெராப்பா அனாக்?" எத்தனை பிள்ளைகள்?

அண்ணன் சொன்னார்: "யா, துவான்." ஆமாம் ஐயா.

அதிகாரி மறுபடி கேட்டார். அண்ணன் மறுபடியும் ஆமாம் ஐயா என்றார். எந்தத் தோட்டம் என்று கேட்டதற்கும் அதே பதில். அதிகாரி கோபப்படவில்லை. இன்னும் கொஞ்சம் மொழி கற்றுக்கொண்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். வெளியே வந்த அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல் பஸ் நிற்கிற பக்கம் நடந்தார். இன்னொரு முறை வருவோம் என்றேன். வர மாட்டேன் என்றார்.

தோட்டம் முழுவதும் அதைத்தான் பேசிற்று. முத்துக்கருப்பனுக்கு மலாய் தெரியாதா, இந்த நாடு வேண்டாம் என்று வேண்டுமென்றே செய்கிறான் என்றார்கள். ஊரில் நிலம் வாங்கிப் போட்டிருக்கிறான் என்று ஒருவர் சொன்னார். நாங்களும் ஏறக்குறைய அப்படித்தான் நம்பினோம். அண்ணன் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு மலாய்க்காரர்களுக்கும் சீனர்களுக்கும் இடையே அந்தப் பெரிய கலவரம் நடந்தது. அடுத்த ஆண்டில், சிவப்பு அட்டைக்காரர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்று சட்டம் வந்தது. அண்ணனுக்கு ஒரு தடவை கொடுத்தார்கள், அடுத்த தடவை கொடுக்கவில்லை. எங்கள் வரிசை வீடுகளில் பாதி காலியாயிற்று. பெட்டி கட்டுகிற சத்தம் ஒவ்வொரு வீட்டிலும் கேட்டது. பினாங்குத் துறைமுகத்தில் கப்பலுக்கு நின்றவர்களில் அழாதவர்கள் குறைவு.

அண்ணனுக்கு ஒரே பெண், செல்வி. இங்கே பிறந்தவள், அதனால் குடிமகள். படிப்பை நடுவில் நிறுத்த வேண்டாம், எப்படியும் திரும்பி வந்துவிடுவோம் என்று சொல்லி அவளை எங்கள் வீட்டில் விட்டுவிட்டு, அண்ணனும் மதினி பஞ்சவர்ணமும் ஊருக்குப் போனார்கள். அவளுக்கு அப்போது பதின்மூன்று வயது. கப்பல் கிளம்பும்வரை அப்பாவின் கையைப் பிடித்தபடி ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாள். கப்பல் போன பிறகு வீடு வருகிற வரை வாயைத் திறக்கவில்லை.

திரும்பி வர அவர்களுக்கு வழி அமையவே இல்லை. வருஷங்கள் போகப் போக, செல்வி அப்பாவைப் பற்றிக் கேட்பதை நிறுத்தினாள். சித்தப்பா என்று கூப்பிட்டவள் அங்கிள் என்று மாறினாள். ஒரு நாள் என் மனைவியிடம், "நாலு வார்த்தை பேசியிருந்தா போதும். அவருக்கு நான் வேணும்னா பேசியிருப்பார்" என்றாளாம்.

3

ஐந்து வருஷம் கழித்து நான் ஊருக்குப் போனேன். செல்வியைக் கூப்பிட்டேன். பரீட்சை இருக்கிறது என்றாள்.

நாகப்பட்டினத்தில் கப்பலை விட்டு இறங்கி, திருவாரூர் வழியாக ரயில் பிடித்துக் காரைக்குடி வந்தேன். ஸ்டேஷன் வாசலில் அண்ணன் ஜீப்போடு நின்றார். பழைய ராணுவ ஜீப். கொத்தமங்கலத்துச் செட்டியார் வீட்டில் சும்மா நின்றதை வாங்கிச் சரிசெய்து, வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். கல்யாணம், காதுகுத்து, சிங்கம்புணரிச் சந்தை, ஆஸ்பத்திரி என்று சுற்று வட்டாரமெல்லாம் போய்வருவார். ரோடு இல்லாத கிராமங்களுக்கும் மணல் ஓடை தாண்டிப் போகிற வண்டி அது ஒன்றுதான்.

தலை நரைத்திருந்தது. என்னைக் கட்டிக்கொண்டு, "மெலிஞ்சுட்டியே தம்பி" என்றார். மதினி ஜீப்பின் முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தார். நம் பக்கத்தில் வெளியூரிலிருந்து ஆண்பிள்ளை வந்தால் முன்னால் உட்கார வைப்பதுதானே வழக்கம். மதினி இறங்கவில்லை.

"ஏதும் நினைச்சுக்காதீக தம்பி. பின்னால உக்காந்தா எனக்கு வாந்தி வருது" என்றார்.

நான் பெட்டியோடு பின்னால் ஏறினேன். அண்ணன் கிளட்சை விட்டார். எனக்குக் காலடியில் 'டொக்' என்றது.

இரண்டாவது கியர் போட்டார், 'டொக்'. மாட்டு வண்டிக்காக வேகத்தைக் குறைத்தார், 'டொக்'. திருப்பத்தில் வண்டி முழுவதும் விம்மி, யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்துவிட்ட மாதிரி வெட்டியது. அண்ணன் இப்போது வண்டியை நிறுத்துவார் என்று காத்திருந்தேன். மலாயாவில் ஒரு சின்னக் கிறீச் என்றாலும் ஓரம் கட்டிவிடுகிற மனிதர். அவரோ, இந்த வருஷம் ஊருணியில் தண்ணி இல்லை என்று சொல்லிக்கொண்டே ஓட்டினார்.

இன்னொன்றையும் கவனித்தேன். எங்களுக்குப் பின்னால் பஸ் ஒன்று ஹார்ன் அடித்தது. அண்ணன் அசையவில்லை. மதினி அவர் முழங்கையை இரண்டு விரலால் தட்டினார். உடனே அண்ணன் ஓரம் ஒதுங்கி வழிவிட்டார். கணவன் மனைவிக்குள் ஏதோ பழக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் சாப்பிடும்போது மதினி சொன்னார். கொத்தமங்கலத்துப் பெரிய வீட்டு ஆச்சி இப்போது இவர்களைக் கூப்பிடுவதில்லையாம். வண்டி வெட்டி இழுத்து ஆச்சிக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டதாம். பேத்தி கல்யாணத்துக்குக் காரைக்குடியிலிருந்து வேறு கார் அமர்த்திவிட்டார்கள். அண்ணன் தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பேச்சு அவர் காதில் விழவே இல்லை என்பதை நான் பிறகுதான் புரிந்துகொண்டேன்.

4

மறுநாள் காலையில், வண்டியைப் பார்த்துவிடலாமா என்று கேட்டேன். அண்ணனுக்குச் சந்தோஷம்.

"இழுக்குது தம்பி. எனக்கும் சீட்டுல தெரியுது. கிளட்ச் பிளேட்டா இருக்கும்னு அதை மாத்துனேன். இஞ்சினுக்கு அடியில உள்ள ரப்பரையும் மாத்துனேன். அப்பயும் நிக்கல" என்றார்.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கிளட்ச் கோளாறு என்றால் வண்டி கிளம்பும்போது மட்டும்தான் உதறும். ஓடுகிற வண்டியில் காலை எடுத்தாலும் அடிக்கிறது என்றால், கியர் பெட்டிக்குப் பின்னால் எங்கோ ஆட்டம் கண்டிருக்கிறது. இது அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். அவரே இடம் தெரியாமல் ஒவ்வொரு சாமானாக மாற்றிக்கொண்டிருக்கிறார்.

கொத்தமங்கலம் போகிற ரோட்டில் ஓட்டிப் பார்க்கப் போனோம். மதினியும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து முன்னால் ஏறிக்கொண்டார். நான் பின்னால், தரையோடு தரையாக உட்கார்ந்தேன். நேர் ரோட்டில் இழுப்பு இல்லை, திருப்பத்தில் மட்டும் வெட்டியது. அண்ணன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். ஜீப்பில் பெரிய கியர் லிவருக்குப் பக்கத்தில் குட்டி லிவர் இரண்டு இருக்கும். அதில் ஒன்று முன்சக்கரத்துக்கும் இஞ்சின் இழுவையைக் கொடுப்பது. மணலிலும் சேற்றிலும் மட்டும்தான் அதைப் போட வேண்டும். தார் ரோட்டில் போட்டால், திருப்பத்தில் முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒன்றோடு ஒன்று மல்லுக்கட்டும். அந்த லிவர் போட்டபடியே இருந்தது.

தோளைத் தொட்டு அதைக் காட்டினேன். அண்ணன் குனிந்து பார்த்துவிட்டுத் தலையில் தட்டிக்கொண்டார். ஒரு கல்யாணக் கோஷ்டியை ஏற்றிக்கொண்டு மணல் ஓடையைத் தாண்டியபோது போட்டாராம், எடுக்க மறந்துவிட்டாராம். மறப்பது யாருக்கும் உண்டு. ஆனால் முன்சக்கர இழுவை போட்டிருந்தால் வண்டி வேறு மாதிரி உறுமும். அந்த உறுமலை வைத்துத்தான் எல்லா டிரைவரும் ஞாபகம் வைத்து எடுப்பார்கள்.

லிவரை எடுத்ததும் திருப்பத்தில் வெட்டுவது நின்றது. 'டொக்' மட்டும் நிற்கவில்லை. மதினி திரும்பி, "இப்ப நல்லாப் போகுதே" என்றார். அந்த அடிக்கிற சத்தம் எத்தனை நாளாக இருக்கிறது மதினி என்று கேட்டேன். "ரொம்ப நாளா இருக்கு. ஜீப்புன்னா அப்படித்தான் சத்தம் போடும்னு இருந்துட்டேன்" என்றார்.

வீட்டு வாசலுக்குத் திரும்பி, சக்கரங்களுக்குக் கல் வைத்து, இஞ்சினை அணைத்தோம். அண்ணன் இருக்கையில் இருந்தார். நான் அடியில் போய்ப் படுத்தேன். கியர் பெட்டியிலிருந்து பின்சக்கரத்துக்கு ஒரு நீளமான இரும்புத் தண்டு போகும். அது வளைந்து கொடுக்க இரண்டு முனையிலும் சிலுவை மாதிரி ஒரு சாமான் இருக்கும். கிராஸ் என்போம். அது தேய்ந்தால்தான் இப்படி அடிக்கும். வண்டியைக் கியரில் போட்டுவிட்டுத் தண்டைக் கையால் முறுக்கிப் பார்த்தால் எந்த முனை ஆடுகிறது என்று தெரிந்துவிடும்.

"அண்ணே, கியர்ல போடுங்க" என்றேன்.

போடவில்லை. கொஞ்சம் உரக்கச் சொன்னேன். போடவில்லை. கத்தினேன். என் தலைக்கு நேர் மேலே, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் அவர் உட்கார்ந்திருக்கிறார். இஞ்சின் ஓடவில்லை. தெருவில் காக்கை கத்துவதுகூடக் கேட்கிறது. அவர் கால் மிதிமேல் அமைதியாக இருப்பது பலகைக்கு இடையில் எனக்குத் தெரிந்தது.

வீட்டுக்குள்ளிருந்து மதினி ஓடிவருகிற பாதம் தெரிந்தது. வண்டியைச் சுற்றிக்கொண்டு அண்ணன் முகத்துக்கு எதிரே போய் நின்று, சத்தம் போடாமல், சாதாரணக் குரலில், "கியர்ல போடச் சொல்றாக" என்றார்.

கியர் விழுந்தது.

நான் தண்டை முறுக்கினேன். பின்பக்க முனை கையோடு ஆடியது. மூடியைச் சுற்றிச் செங்கல் நிறத்தில் துருப்பொடி வழிந்திருந்தது. உள்ளே ஊசி பேரிங்கெல்லாம் கிரீஸ் இல்லாமல் அரைபட்டு மாவாகியிருந்தன. இன்னும் கொஞ்ச நாள் ஓடியிருந்தால் அது அறுந்து தண்டு தரையில் விழுந்திருக்கும். அந்த ஜீப்புக்குக் கைபிரேக்கும் அந்தத் தண்டில்தான், தண்டு விழுந்தால் அதுவும் பிடிக்காது. ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு போகிற வண்டி. ஆனால் நான் உடனே வெளியே வராததற்கு அது காரணம் இல்லை. அண்ணனின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று தெரியாமல் படுத்திருந்தேன்.

5

கைகழுவத் தண்ணீர் ஊற்றியபோது மதினியிடம் மெதுவாகக் கேட்டேன். எத்தனை நாளாக மதினி?

மதினி சொம்பைக் கீழே வைத்தார். "காது அங்கயே பாதி போயிருச்சு தம்பி. அந்த இஞ்சின் கொட்டகையில நின்னு நின்னு. இங்க வந்து மிச்சமும் போயிருச்சு. அதான் நான் கூடவே போறேன். ஊருல, புருசனை விட்டுட்டு இருக்க மாட்டாளாம்னு சிரிக்கிறாக. சிரிச்சுட்டுப் போகட்டும்."

நாங்கள் பேசுவதை அண்ணன் அங்குட்டு ஜீப் பக்கத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் வாயைத்தான் பார்த்தார் என்று இப்போது தெரிகிறது. கிட்டே வந்து உட்கார்ந்தார்.

"சொல்லிட்டாளா?" என்றார்.

நான் தலையாட்டினேன். அவர் முகத்தைப் பார்த்து, அந்த அதிகாரியிடம் போன அன்றைக்கும் இப்படித்தானா என்று கேட்டேன். இப்படிக் கேட்க வேண்டும் என்று எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை.

அண்ணன் கொஞ்ச நேரம் கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்தார்.

"அவரு நல்ல மனுசன் தம்பி. தலையைக் குனிஞ்சு எழுதிக்கிட்டே கேட்டாரு. நிமிந்திருந்தா வாயைப் பாத்துச் சொல்லிருப்பேன். மேல காத்தாடி வேற கடகடன்னு ஓடுது. கேக்கலைன்னு சொன்னா, எழுதிப்புடுவாக. தோட்டத்துக்குத் தெரிஞ்சா பட்டறையில வைப்பாகளா? அதான் ஆமா, ஆமான்னேன். ஏதாவது ஒரு கேள்விக்காச்சும் ஆமா பொருந்தும்னு நினைச்சேன்."

மதினி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போனார். திருப்புளியைப் பல்லில் கடித்துக்கொண்டு கண்ணை மூடி நிற்கிற அண்ணன் எனக்கு ஞாபகம் வந்தார். காதில் கேட்காததை எலும்பு வழியாகக் கேட்டிருக்கிறார். பக்கத்திலேயே நின்று அத்தனை பேரும் பார்த்தோம்.

காரைக்குடிக்குப் போய்ப் புதுக் கிராஸ் வாங்கிவந்து இரண்டு பேருமாக மாட்டினோம். அந்த வேலையில் அவர் கை கொஞ்சமும் தடுமாறவில்லை. ஓட்டிப் பார்த்தோம், சத்தம் போய்விட்டது. நின்றுவிட்டதா என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். நின்றுவிட்டது என்று கையைக் காட்டினேன். பிறகு மதுரைக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். நரம்பு போய்விட்டது என்றார் டாக்டர். காதில் மாட்டுகிற கருவியைப் போட்டுப் பார்த்தோம். வெறும் இரைச்சல்தான் வருகிறது, தலை வலிக்கிறது என்று கழற்றிவிட்டார்.

ஓட்ட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவரே, நான் கிளம்புவதற்கு முன்னால், வண்டியை விற்றுவிடலாம் என்றார். அறுந்து விழ இருந்த சாமானை நினைத்து அவருக்கும் தூக்கம் வரவில்லையாம். சிங்கம்புணரியில் டிராக்டர் ரிப்பேர் செய்கிற கடையில் வேலைக்குப் போனார். அங்கே சத்தம் கேட்டுக் கண்டுபிடிப்பதை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள், கழற்றி மாட்டுவதை இவர் செய்வார்.

6

இங்கே திரும்பி வந்த மறுநாள் செல்வியிடம் சொன்னேன். அவள் அப்போது பரீட்சை முடித்து, அரசாங்க அலுவலகம் ஒன்றில் கவுண்டரில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். சமையல்கட்டு மேஜையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். ஜீப்பிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். டீயைக் குடிக்காமல் கேட்டாள். முடிவில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அந்த ஆபீசர் ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கலையா?"

நான் வெளியே இருந்தேன், பார்க்கவில்லை என்றேன். எழுந்து போய்க் கப்பைக் கழுவினாள். ரொம்ப நேரம் கழுவினாள்.

அடுத்த நாளிலிருந்து அவள் அலுவலகம் அலுவலகமாக அலைந்தாள். அவளுக்கு மொழி தெரியும், விதி தெரியும், யாரை எப்படிக் கேட்க வேண்டும் என்று தெரியும். எல்லாரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். உங்கள் அப்பாவின் கோப்பு முடிந்துவிட்டது என்றார்கள். திரும்பி வருவதற்கான அனுமதியின் காலம் தாண்டிவிட்டது, காது கேட்கவில்லை என்று அப்போதே சொல்லியிருந்தால் வேறு வழி பார்த்திருக்கலாம் என்றார்கள். இப்போது வேண்டுமானால் விருந்தாளியாக ஒரு மாதம் வந்து போகலாம். செல்வி அதைக் கேட்டுவிட்டு வந்து, "எங்க அப்பா இங்க விருந்தாளியாம்" என்றாள். மலாயில்தான் சொன்னாள்.

அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினோம். விருந்தாளியாக வர அவருக்கு மனம் இல்லை. செல்வி வந்தால் போதும் என்று பதில் வந்தது.

7

செல்வியை நான்தான் கூட்டிப் போனேன். கப்பலில் போகும்போதெல்லாம், அப்பாவிடம் என்ன சொல்வது என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள். அவள் தமிழ் உடைந்துபோய் வருஷங்கள் ஆகிவிட்டன. மலாய்ப் பள்ளிக்கூடம், மலாய் அலுவலகம். வீட்டில் நாங்கள் தமிழில் கேட்டாலும் அவள் பதில் பாதிக்கு மேல் வேறு மொழியில்தான் இருக்கும்.

நேமத்தான்பட்டி வீட்டு வாசலில் அண்ணன் நின்றார். பதின்மூன்று வயதில் விட்டுப்போன பெண் சேலை கட்டிக்கொண்டு வந்து நிற்கிறாள். தொடவும் கூச்சப்பட்டு, தலையில் கையை வைத்தார். செல்வி அவர் எதிரே நின்று, நிறுத்தி நிறுத்திப் பேசினாள். நல்லா இருக்கீங்களா அப்பா என்றாள். நான் எத்தனையோ தடவை வரணும்னு நினைச்சேன் என்றாள். அண்ணன் அவள் வாயையே பார்த்தார். நெற்றி சுருங்கியது. எங்கள் வாயைப் படிக்கிற மனிதருக்கு அவள் வாய் பிடிபடவில்லை. சொல் தமிழாக இருந்தாலும் உதடு மலாயாகப் போயிருந்தது.

தானாக யாரிடமும் ஒப்புக்கொள்ளாத மனிதர், வேலைக்காகவும் அட்டைக்காகவும் அதை மறைத்த மனிதர், அன்றைக்கு வாசலில் நின்றுகொண்டு சொன்னார்:

"எனக்குக் கேக்கலம்மா. நீ பேசுறது எனக்குத் தெரியல."

செல்விக்கு முகம் உடைந்தது. மதினி இடையில் வந்து நின்று, மகள் சொன்னதை அப்படியே தன் வாயால் அவருக்குத் திருப்பிச் சொன்னார். அங்கே இருந்த நாளெல்லாம் அப்படித்தான் நடந்தது. மகள் பேசுவாள், தாய் சொல்வார், அவர் பதில் சொல்வார்.

ஒரு நாள் சாப்பிட்டு முடித்த பிறகு செல்வி கேட்டாள், மதினி சொன்னார். ஆபீசரிடம் சொல்லவில்லை, தோட்டத்தில் சொல்லவில்லை, சரி, என்னிடம் ஏன் சொல்லவில்லை?

அண்ணன் யோசிக்கவில்லை. வெகுநாளாகத் தயாராக இருந்த பதில் மாதிரி வந்தது.

"நீ அப்ப ஓயாமப் பேசுவ. பள்ளிக்கூடத்துல நடந்தது எல்லாம் வந்து சொல்லுவ. பாதிதான் கேக்கும். ஆனா நீ பேசுறதைப் பாத்துக்கிட்டே இருப்பேன். கேக்கலைன்னு சொன்னா, நீ பேசுறதைக் குறைச்சிருப்பியே."

மதினிக்கு அதைத் திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. செல்விக்கு நேராகவே புரிந்தது. எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டாள்.

அண்ணனுடைய உடம்பு அப்போதே தளர்ந்திருந்தது. அதற்குப் பிறகு ஒரு வருஷம் இருந்தார். மாரடைப்பு என்று தந்தி வந்தபோது காரியமெல்லாம் முடிந்திருந்தது. செல்விக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த சமயம். மாப்பிள்ளை ஈப்போவில் வாத்தியார், நல்ல பையன். கல்யாணத்தை ஒரு வருஷம் தள்ளிவைத்தோம். மதினி ஊரிலேயே இருக்கிறார். இங்கே வரச் சொன்னால், ஜீப்பு இல்லாட்டியும் அவுகளோட போன அந்த ரோடெல்லாம் எனக்கு வேண்டியிருக்கு என்கிறார்.

நாங்கள் காரைக்குடியில் ரயில் ஏறிய அன்றைக்கு நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். செல்வி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அண்ணன் பிளாட்பாரத்தில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மதினி ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றுகொண்டார். இடையில் வரவில்லை. செல்வி பேச ஆரம்பித்தாள். தமிழும் மலாயும் கலந்து, எது வாயில் வருகிறதோ அதில், வேகமாகப் பேசினாள். அலுவலகத்தில் தன் மேஜை எந்தப் பக்கம் இருக்கிறது, பக்கத்து மேஜை ஜமீலா எப்படிச் சிரிப்பாள், மத்தியானம் கேண்டீனில் என்ன கிடைக்கும், மழைக்காலத்தில் பஸ் எங்கே நின்றுவிடும் என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். ஒரு வார்த்தையும் அவருக்கு எட்டியிருக்காது. விசில் ஊதினார்கள், வண்டி நகர்ந்தது. அண்ணன் கூடவே நடந்தார். செல்வி தலையை வெளியே நீட்டிக்கொண்டு பேசிக்கொண்டே இருந்தாள். அவர் சிரித்த முகமாக அவள் வாயைப் பார்த்தபடி, பிளாட்பாரம் முடிகிற வரைக்கும் நடந்து வந்தார்.